வேர் பிடித்த மண் யாருக்கு?



கடல் ஊரைத் தின்கிறது என்றதும் கருங்கல்லைக் கொட்டுகிறார்கள். நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கல்லை நீட்டி மறித்தால் தெற்கே மணல் சேரும்; வடக்கே அடுத்த ஊர் அறுபடும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானது, இராயபுரம் பக்கம் கரை அரிபட்டது.

மாற்று இல்லாமலில்லை. அலை மோதும் மணல் கரைக்கு மணல்மேடும் அடும்புக்கொடியும். கழிமுகத்துக்கு அலையாத்திக் காடு. அதன் வேர் அலையின் வேகத்தை உடைக்கும், வண்டலைப் பிடித்து நிறுத்தும்.

பிச்சாவரத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து காட்டைக் கூறுபோட்டு வெட்டினார்கள். தரை பள்ளமாகி, உப்புநீர் தேங்கி, மரம் முளைக்கவில்லை. 1990-களில் வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறி இறங்க வழிவிட்ட பிறகுதான் காடு திரும்பியது. அந்த உழைப்பில் இருளர் கைகளும் உண்டு.

அங்கே நான் போனபோது, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் அக்கா ஒருத்தர் பறியோடு கரையேறி வந்தார். "காட்ட நாங்க காக்கணுமாம். உள்ள போனா மட்டும் ஏன் வந்தேன்னு கேக்குறாங்க" என்றார்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மீன் உள்ளிட்ட நீர்நிலை விளைபொருள் மீதும் உரிமை சொல்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு அலையாத்தி நட 'மிஷ்டி' திட்டம் அறிவித்தது. கன்று நட நம்ம சனங்களைக் கூலிக்குக் கூப்பிடுவாங்க. கூலி மட்டும் போதாது. கன்று ஊன்றும் முன்பே கிராமசபையில் எழுந்து கேளுங்கள்:

சேத்துல எறங்குறது நாங்க. காடு வளந்தா உரிமை யாருக்கு?