முதலில் சிரிப்பது யார்?



கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருகிறார் மாப்பிள்ளையின் சித்தப்பா. ஈரத் தரை வழுக்கி, அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். வேட்டி முழுக்கச் சாம்பார். பந்தியே திகைத்துப் பார்க்கிறது. அவரோ, "இந்த வரிசைக்கு நேரா ரசம்தான்!" என்று சிரிக்கிறார். அடுத்த நொடி எல்லோரும் சிரிக்கிறார்கள், தூக்கிவிட நாலு பேர் ஓடி வருகிறார்கள்.

அவருக்கு வெட்கமாக இருந்திருக்காதா? நிச்சயம் இருந்திருக்கும். ஆனால், முதலில் சிரித்தது அவர். அதனால் ஊர் வாய்க்கு அங்கே வேலையில்லாமல் போய்விட்டது.

தொல்காப்பியம் உணர்ச்சிகளின் வெளிப்பாடுகளான எட்டு மெய்ப்பாடுகளில் நகையை, அதாவது சிரிப்பைத்தான், முதலில் சொல்கிறது. அது பிறக்கும் நான்கு காரணங்களில் ஒன்று எள்ளல். நாம் பிறரைக் கேலி செய்து சிரிப்பது மட்டுமல்ல, பிறர் நம்மைக் கேலி செய்யும்போது நாம் சிரிப்பதும் இதில் சேரும் என்று விளக்குகிறார் பேராசிரியர் என்ற பெயருள்ள உரையாசிரியர். எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள்! உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றி 1872-ல் டார்வின் வெளியிட்ட நூலிலும், மனிதர்கள் வெட்கத்தையும் கூச்சத்தையும் மறைக்கச் சிரிப்பதுண்டு என்ற குறிப்பு இருக்கிறது.

மறைக்கச் சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச நினைத்தேன்.

காது மந்தமாகிவிட்ட பாட்டி பல வீடுகளில் இருக்கிறார். "பால் வந்துடுச்சா?" என்று கேட்டால், "பாலு ஊருக்குப் போயிட்டானே" என்கிறார். வீடே சிரிக்கிறது. அவரும் சிரிக்கிறார். பேரன் அதை மொபைலில் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடுகிறான். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

ஆனால், சில மாதங்கள் கழித்துக் கவனியுங்கள். பாட்டி திரும்பக் கேட்பதையே நிறுத்தியிருப்பார். எதைச் சொன்னாலும் ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல். டாக்டர் மாத்திரையை எப்போது சாப்பிடச் சொன்னார் என்பதற்கும் அதே தலையாட்டல்தான். "பாட்டி எப்பவும் சிரிச்ச முகம்" என்று நாம் பெருமைப்படுகிறோம். அவர் பேச்சிலிருந்தே விலகிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத் தோன்றுகிறதா?

குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். படுக்கையை நனைத்ததை விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிக்கிறோம். பிள்ளையும் நெளிந்துகொண்டே சிரிக்கிறது. அதற்கு வேறு வழி ஏது?

எல்லோராலும் அப்படிச் சிரித்து மறைக்க முடிவதில்லை. மகாபாரதத்தில், மயன் கட்டிய மண்டபத்தில், தரை என்று நம்பித் தண்ணீரில் விழுந்தான் துரியோதனன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவனால் சிரிக்க முடியவில்லை. மிச்சக் கதை நமக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னத்தில் வீக்கத்தோடு, "கதவுல இடிச்சுக்கிட்டேன், என் கவனம் அப்படி" என்று ஒரு பெண் சிரித்தால், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டு நகரக் கூடாது. "வட்டிக்காரன்தான் இப்போ எனக்கு நெருங்கின சொந்தம்" என்று நண்பர் அடிக்கடி ஜோக் அடித்தாலும் அப்படித்தான். தனியாக இருக்கும்போது ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

தடுக்கி விழுந்தவர் முதலில் சிரிக்கட்டும். அதுவரை நாம் காத்திருப்போம். அவர் சிரிக்காவிட்டால், கை கொடுத்துத் தூக்கிவிட்டுப் பேச்சை மாற்றுவோம். குடும்பத்துக்குள் இந்த நாகரிகம்கூட இல்லையென்றால் எப்படி?

உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ கேட்டதற்குப் பதிலாகச் சிரிக்க மட்டும் செய்கிறார் என்றால், இந்த வாரமே செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்