அப்பா புல்லட்டும் இருபது சதவீத சரக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர். வண்டிப் பைத்தியம் இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம் :)

எங்க வீட்ல அப்பா வாங்கின 1984 மாடல் புல்லட் 350 ஒண்ணு நிக்குது. திருவொற்றியூர்ல செஞ்ச காஸ்ட் அயர்ன் வண்டி. கியர் வலது காலு, பிரேக்கு இடது காலு. அப்பா போய் ஆறு வருஷமாச்சு. அந்த சத்தம் தெருமுனையில கேட்டா அம்மா இன்னமும் வாசலுக்கு வந்துரும். அதனால வண்டியை விக்கிற பேச்சே எங்க வீட்ல கிடையாது.

போன மழைக்காலத்துல மூணு மாசம் எடுக்கவே இல்ல. பாதி டேங்க் பெட்ரோலோட வராந்தாவுல நின்னுச்சு. தை பொறந்ததும் உதைக்கிறேன் உதைக்கிறேன், இருமக்கூட மாட்டேங்குது. சிம்மக்கல் பக்கம் இருக்கிற நம்ம மெக்கானிக் அண்ணன் பெட்ரோல் பைப்பைக் கழட்டி கண்ணாடி பாட்டில்ல புடிச்சுக் காட்டினார். மேல மஞ்சளா ஒண்ணு, அடியில கலங்கலா தனியா ஒண்ணு. "தம்பி, டேங்குக்குத் தண்ணி காட்டிட்டீங்களே"ன்னாரு. டேங்குக்குள்ள டார்ச் அடிச்சா செங்காமட்டி நிறத்துல துரு. கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் பணியாரம் மாதிரி இருந்துச்சு. "பேசாம யாருக்காவது கொடுத்துருங்க"ன்னு அவர் சொன்னதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சிருச்சு.

அங்க டீ குடிச்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர், "அந்தக் காலத்து ஈயம் போட்ட பெட்ரோல் மாதிரி வருமா? அதை நிறுத்தினதுல இருந்தே புல்லட்டுக்குக் கேடு"ன்னு ஆரம்பிச்சார். பக்கத்துக் கடையில ஈயத்துக்குப் பதிலா ஊத்துற மருந்துன்னு ஒரு பாட்டிலும் விக்கிறாங்களாம். இந்த ரெண்டு பேச்சும் எனக்கு ஆகாது. ஏன்னு சொல்றேன்.

ஈயத்தைப் பெட்ரோல்ல கலந்தா இன்ஜின் நாக்கிங் நிக்கும்னு 1921ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த தாமஸ் மிட்ஜ்லி கண்டுபுடிச்சார். வால்வு வந்து உக்கார்ற சீட்டு மேல ஈயம் மெல்லிசா படிஞ்சு ஒரு மெத்தை மாதிரி காப்பாத்துச்சு, அதுவும் உண்மை. இந்தியாவுல 2000 பிப்ரவரியோட ஈய பெட்ரோல் முழுசா நின்னுச்சு. அப்பவும் வால்வு எல்லாம் உள்ள இறங்கிரும்னு பயமுறுத்தினாங்க. நடந்துச்சா? அந்தத் தேய்மானம் நெடுநேரம் முறுக்கி ஓட்டுற இன்ஜினுக்குத்தான் பெருசா வரும். கோரிப்பாளையம் சிக்னல்ல நாப்பதைத் தாண்டாத வண்டிக்கு என்ன வரப்போகுது? வால்வு இறங்கினா டாப்பெட் இடைவெளி குறைஞ்சு புஷ்ராடு இறுகும். எங்க வண்டியில அண்ணன் வருஷா வருஷம் பாக்குறார், விரல்ல சுத்தினா இன்னும் லேசா சுத்துது.

இன்னொண்ணு. 1999ல ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை உட்பட பெரிய நகரங்கள்ல குழந்தைகளோட ரத்தத்தைச் சோதிச்சப்ப பாதிப் பேருக்கு மேல ஈயம் அளவுக்கு மீறி இருந்துச்சு. என் புல்லட் சீட்டு தேயாம இருக்க அடுத்த வீட்டுப் புள்ளைக்கு மூளை மங்கணுமா? போங்கய்யா.

இப்ப நிஜமான பிரச்சினைக்கு வருவோம். எத்தனால். ஈயத்துக்கு முன்னாடியே நாக்கிங்குக்கு மருந்தா அதே கம்பெனிக்காரங்க சோதிச்ச சரக்குதான் இது! நூறு வருஷம் சுத்திட்டு இப்ப நம்ம டேங்குக்கே வந்திருச்சு. 2022ல பத்து சதவீதம், 2023 பிப்ரவரியில இ20 அறிமுகம், 2025க்குள்ள எல்லா பங்க்குலயும் இருபது.

இதுல நல்லதும் இருக்கு. ஆக்டேன் கூடுது, இன்ஜின் நாக் அடிக்காது. ஆனா எத்தனாலுக்கு ஈரம்னா உயிரு. கொஞ்சம் தண்ணி வரைக்கும் தனக்குள்ளயே வச்சுக்கும், அளவு மீறினா தண்ணியையும் கூட்டிக்கிட்டு அடியில உக்காந்துரும். எங்க டேங்க் மூடி வாஷர் வெடிச்சுக் கிடந்தது, சாரல் இறங்கியிருக்கு. அது என் தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா பழைய பெட்ரோலா இருந்தா அடியில நின்ன தண்ணியை மட்டும் வடிச்சு விட்டுட்டுக் கிளம்பியிருக்கலாம். இதுல எத்தனாலும் சேர்ந்தே இறங்கிட்டதால மேல மிஞ்சினதும் உருப்படாத பெட்ரோல்தான். மொத்தத்தையும் கொட்டவேண்டியதாப் போச்சு. பாட்டில் மருந்து எதுவும் அதைத் திரும்பச் சேர்க்காது. துருப்பிடிக்காம இருக்க ஏதோ கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான்.

மைலேஜ் பத்தி வாட்ஸப்ல வர்ற கதையெல்லாம் நம்பாதீங்க. லிட்டருக்கு லிட்டர் எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, அப்ப இருபது சதவீதத்துக்கு ஏழு சதவீதம் மாதிரி குறையலாம். நிதி ஆயோக்கோட 2021 அறிக்கை பழைய டூவீலருக்கு 3-4 சதவீதம்னு சொல்லுது. பாதி மைலேஜ் போச்சுங்கறதெல்லாம் கப்சா.

என் கோபம் வேற. இருபதுக்குத் தோதான பாகங்களோட வண்டி வரணும்னு அதே திட்டம் சொன்னது 2023 ஏப்ரல்ல இருந்து. அதுக்கு முந்தின வண்டிக்காரங்க என்ன பண்ணணும்? 20,000-30,000 கிலோமீட்டர் ஓடினா சில ரப்பர் பாகங்களை மாத்தவேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025ல சொல்லிருச்சு. எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும்னு ஒருத்தர் சுப்ரீம் கோர்ட் வரை போனார், 2025 செப்டம்பர்ல தள்ளுபடி. எனக்கு எத்தனால் மேல பகை இல்ல. ஊருக்கு ஒரு பங்க்குல, ஒரே ஒரு பம்ப்புல, கலப்பு கம்மியான பெட்ரோல் வையுங்க, ரெண்டு ரூபா கூட வாங்கிக்கங்க.

விவசாயிக்கு லாபம்னு சொல்றாங்க. சந்தோஷம். ஆனா அலங்காநல்லூர் கூட்டுறவு சர்க்கரை ஆலை 2019-20 வாக்குல அரவை நின்னு, திறக்கச் சொல்லி நம்ம கரும்பு விவசாயிகள் போராடவேண்டி வந்துச்சே, அதை எந்தக் கணக்குல சேர்க்க?

சரி, வண்டிக்கு வருவோம். விக்கல :) டேங்கைக் கழுவி, எத்தனால் தாங்குற பைப்பும் புது ரப்பரும் போட்டு, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தினார் அண்ணன். எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கிறதால பழைய ஜெட்டுக்குக் கலவை வறண்டு இன்ஜின் சூடேறும், அதுக்குத்தான். 35 கொடுத்த வண்டி இப்ப 33 கொடுக்குது. போன ஞாயித்துக்கிழமை அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சு அழகர்கோயில் போயிட்டு வந்தேன். "அப்பா இவ்வளவு வேகமா ஓட்டமாட்டார்டா"ன்னு வழி நெடுகத் திட்டு.

டிஸ்கி: எஸ்டி மாதிரி டேங்குலயே ஆயில் கலக்குற வண்டி வச்சிருக்கவங்க ஜாக்கிரதை. உங்களுக்கு வால்வு சீட்டே கிடையாது, ஈயக் கவலையும் இல்ல. ஆனா தண்ணி பிரிஞ்சா ஆயில் மேல இருக்கிற பெட்ரோலோட நின்னுரும், அடியில இருந்து இன்ஜினுக்குப் போறதுல ஆயிலே இருக்காது. மழைக்கு நிறுத்துறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணிருங்க.