லயத்தில் வளரும் கனவுகள்

கொழும்பில் கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ வேலை செய்யும் மலையக இளைஞரிடம் ஊர் எதுவென்று கேட்டால், ‘ஹட்டன்’, ‘நுவரெலியா’ என்று பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்பவர்களே அதிகம். பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தின் பெயர் வாயில் வராது. இதை வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் அவர் வளர்ந்த காம்பராவுக்குத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, கை மாறி மாறித்தான் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த கதைகள் மலையகத்தில் ஏராளம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா, முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு மேசை போட இடமில்லை. அடுத்த காம்பராவின் சண்டையும் இருமலும் சுவரைத் தாண்டி வரும். ஆனால் இடநெருக்கடியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற அச்சம், சட்டம் என்ன சொன்னாலும், இன்னும் போகவில்லை. அம்மா ஓய்வுபெறும் வயதை நெருங்கும்போது, ‘யார் பேர் பதிவது?’ என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. பல வீடுகளில் மூத்த மகளின் படிப்பு அங்கேதான் நிற்கிறது. அவளுக்கு ஆசை குறைவு என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். அவள் என்ன ஆகவேண்டும் என்பதை அந்த வீடே முடிவு செய்துவிடுகிறது.

1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைப் பிரச்சினை முழுமையாகத் தீர 2003 வரை காத்திருந்த சமூகம் மலையகத் தமிழர் சமூகம். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளிடம் போனது. லயம் மட்டும், அதில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்குச் சொந்தமாகவில்லை.

இத்தனைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு லயம் கொடுத்ததும் கொஞ்சமல்ல. காமன் கூத்தும் தப்பு அடியும் அங்கேதான் உயிரோடு இருக்கின்றன. சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியாத நாளில் சோறு கொண்டுவருவது பக்கத்துக் காம்பராதான். சொந்த இடத்தின் மீதான பற்று அவர்களுக்கு நிறையவே உண்டு; அதை உரிமையாகச் சொல்லக்கூடிய ஒரு காகிதம்தான் இல்லை.

ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் இந்திய உதவியுடன் எழுந்திருக்கின்றன. 2017இல் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. நல்ல விடயம்தான். ஆனால் கூரை மட்டும் மாறினால் போதாது. ஒவ்வொரு வீட்டோடும் காணி உறுதி, வீட்டு இலக்கம், தபால்காரர் வந்துபோகக்கூடிய பாதை, பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை எல்லாம் சேர்ந்தே கையளிக்கப்பட வேண்டும். அந்த உறுதியில் தாயின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு அந்தக் காம்பராவை இத்தனை காலம் காப்பாற்றிக் கொடுத்தது அவள் பறித்த கொழுந்துதான்.