மலையில் உட்கார்ந்து ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்க, நெட் ஸ்பீடு மட்டும் போதுமா?

லேப்டாப்போடு கொடைக்கானலுக்கு வேலை பார்க்க வருகிறவர்கள் அறை எடுக்கும்முன் கேட்பது, ‘இங்க நெட் ஸ்பீடு எவ்வளவு?’ என்பதைத்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளை இங்கே திரையில் பார்த்து இயக்குகிறவர்களுக்கு அது பாதிக் கேள்விதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-லிருந்து இயங்குகிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் உண்டு. அதை பெங்களூரு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். கருவி ஒரு மூலையில், ஆள் இன்னொரு மூலையில். ஆக, தூரம் தடையல்ல; எந்த வழியில் இணைகிறோம் என்பதுதான் முக்கியம்.

இரண்டு வழிகள்

1984-ல் எம்ஐடியில் பிறந்த ‘எக்ஸ் விண்டோ சிஸ்டம்’ முதல் வழி. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்குப் பழக்கமானது. மென்பொருள் அங்கே ஓடும். ‘இங்கே கட்டம் போடு, இந்த எழுத்தைக் காட்டு’ என்ற கட்டளைகள் மட்டும் வரும். உங்கள் லேப்டாப் வரைந்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால், பல மென்பொருள்கள் ஒவ்வொரு படியிலும் பதிலுக்காகக் காத்திருக்கும். ஒருமுறை போய்வர 100 மில்லிசெகண்ட் ஆகிறது, ஒரு மெனு திறக்க 50 முறை போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 விநாடி! ஸ்பீடை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. இணைப்பு அறுந்தால் மென்பொருளும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

விஎன்சி, ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை இரண்டாவது வழி. படத்தை அங்கேயே வரைந்து, திரையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்பும். மழையில் நெட் போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மலையில் இருப்பவர்களுக்கு இதுதான் சரி.

யார் மாற வேண்டும்?

இணைய நிறுவனங்கள் ஸ்பீடை மட்டும் விளம்பரப்படுத்தாமல், தாமதம் எவ்வளவு, இணைப்பு எவ்வளவு நிலையாக இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ்களும் கோப்புகளை லேப்டாப்பில் கொடுத்தனுப்புவதைவிட இப்படித் திரையை மட்டும் திறந்துவிடுவது நல்லது. லேப்டாப் தொலைந்தாலும் தகவல் ஆபீஸிலேயே இருக்கும். அந்தக் கதவை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காமல், விபிஎன் வழியாக மட்டும் விடுவது அவசியம்.

இதெல்லாம் சரியாக அமைந்தால், நல்ல வேலைக்காகப் பழனி மலையைவிட்டு இறங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளூர் இளைஞர்களுக்கும் குறையும்.