பொது அறிவு யாருக்குப் பொது?

தருமபுரியில் கல்லூரி வினாடி வினாப் போட்டிகளுக்கு நடுவராக இருந்திருக்கிறேன். 'அமெரிக்கன் காத்திக்' ஓவியத்தை 1930-இல் வரைந்தவர் யார் என்பது போன்ற வினாக்கள் 'பொது அறிவு' என்ற பெயரில் இடம்பெறும். இது யாருக்குப் பொது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி (68.5 சதவீதம்). இங்கு முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர் கிராண்ட் வுட்டை அறியாதது அறிவுக் குறைவன்று; வாய்ப்புக் குறைவு. வீட்டுச் சூழல் தரும் இத்தகைய அறிமுகத்தைப் 'பண்பாட்டு மூலதனம்' என்றார் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ. போட்டியில் அம்மூலதனம் திறமையாகக் கணக்கிடப்படுகிறது. வேலைவாய்ப்புத் தேர்விலும் அதுவே நிகழ்ந்தால் இழப்பு பெரிது.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதன்று என் வாதம். 1950-களின் இறுதியில் அங்கு விரும்பி அணியப்பட்ட கட்டம்போட்ட கைத்தறித் துணியின் பெயரே 'மதராஸ்'. துவைத்தால் அதன் சாயம் கசியும். அக்குறையையே சிறப்பாக விளம்பரப்படுத்தி விற்றனர். விற்ற நிறுவனம் எது என்று கேட்டால் நினைவாற்றல் மட்டுமே வெல்லும். சாயம் ஏன் கசிந்தது, குறை எப்படி விலைபோனது என்று கேட்டால் சிந்திக்கும் எந்த மாணவரும் விடை தேடலாம். வினா தயாரிப்போர் ஒரு சுற்றையேனும் இவ்வாறு அமைக்க வேண்டும்.