சிரமதானமா, செல்பியா?

மடுல்சீமை உறவுகளே, லன்டானாப் பற்றையை வெட்டிப் படம் போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். வேர் உள்ளே இருக்கிறதே! அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும்.

1826இல் பேராதனைப் பூங்காவுக்கு அழகுக்காகக் கொண்டுவந்த செடி இது. பழம் தின்னும் குருவிகள் விதையை மலைக்கு மலை கொண்டுபோகின்றன. குருவிக்குத் தோட்டம், கிராமம், பஸார் என்ற எல்லை கிடையாது. நமக்குத்தான்: "அது கம்பனிக் காணி, அவங்க பார்க்கட்டும்." அந்தப் பற்றையை ஒட்டித்தானே நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடக்கிறார்கள்?

பாதையில் கிடப்பதை அகற்றுவதும் ஈமானில் சேர்ந்தது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெளியே வந்து பற்றையைச் சுற்றிப் போகிறோம். (ஆசிரியர்களாகிய நாங்களும்தான்.)

கோயில், பள்ளிவாசல், பன்சலை, தோட்டத் தலைவர்மார் எல்லோரும் ஒன்றாகப் போய்க் கம்பனியிடம் அனுமதி கேட்போம். மழை விட்ட ஈரத்தில், காய் பிடிக்க முன்னம், வேரோடு தோண்டுவோம். தோண்டிய சரிவில் மானாப்புல் நடுவோம், மண் அரிக்காது. மூன்று மாதம் கழித்து மறுமுளையைப் பிடுங்க வர முடியாதவர்கள் முதல் நாளும் படத்துக்கு நிற்க வேண்டாம்.