காந்தங்களைத் திரும்பப் பூட்டுங்கள்
ஃபோர்டு மாடல் டி காரில் பின்னாளில் ஏற்றிய தண்ணீர் பம்பையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிவிட வேண்டும் என்பதே என் கட்சி. ஃப்ளைவீலோடு சுழலும் 16 காந்தங்கள் மின்சாரம் தர, மரப்பெட்டிக்குள் 4 காயில்கள் ரீங்கரித்துச் சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி கொடுக்கும் அந்த ஏற்பாடுதானே மாடல் டி! சூடான தண்ணீர் தானே மேலேறி, ரேடியேட்டரில் இறங்கிக் குளிர்ந்துவிடும். எஞ்சின் கொதிக்கிறது என்று பம்பு மாட்டுகிறவர்கள், பல நேரம் அடைபட்ட ரேடியேட்டரைக் கவனிப்பதே இல்லை. முதலில் அதைச் சுத்தம் செய்யட்டும். வலுவிழந்த காந்தங்களுக்கு மறுபடி காந்தமேற்றலாம். தேய்ந்த காயில் பாயின்ட்டுகளை மாற்றலாம். பிரேக் மட்டும் வேறு விஷயம். இன்றைய சாலையில் ஓட்டுவதென்றால், பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் தாராளமாக இருக்கட்டும்.